மாப்பிள்ளை முன்னால், நெருப்பு நடுவில்

உலைத் தெருவில் அவனை முன்பிடி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்.

பவுண்டரியில் உருக்கிய இரும்பைச் சுமக்க ஒரு பெரிய வாளி உண்டு. அதன் இடுப்பை ஒரு வளையம் கவ்வியிருக்கும். வளையத்திலிருந்து முன்னும் பின்னும் நீளமாக இரும்புத் தண்டு. முன்னால் பிடிப்பவன் வழி பார்த்து நடப்பான். பின்னால் பிடிப்பவன் வாளியைப் பார்த்து நடப்பான், அச்சு வந்ததும் சாய்த்து ஊற்றுவான். முன்னால் போகிறவனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது. பின்னால் வருகிறவன் கையை விட்டால் முன்னவனின் கால் இரண்டும் எலும்போடு வெந்துபோகும். எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்தத் தண்டைப் பிடித்துப் பிழைத்தவர்கள்தான். ஆனாலும் கொதிக்கிற இரும்பை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஏதோ கடைக்குப் பால் வாங்கப் போகிறவன் மாதிரி நடந்தவன் அவன் ஒருவன்தான். வேறு எவனாவது இருந்தான் என்று யாராவது சொன்னால் அது புளுகு.

வேலை கேட்டு வந்த அன்றைக்கே வாசல் காவலாளியின் மூக்கை உடைத்தான். "நாளைக்கு வா" என்பதோடு காவலாளி நிறுத்தியிருக்கலாம். "நாயே" என்று சேர்த்துக்கொண்டான். சத்தம் கேட்டு வந்த மேஸ்திரி தரையில் கிடந்த ரத்தத்தையும் பார்த்தான், அடித்த கையையும் பார்த்தான்.

"இந்தக் கைய மூக்குல எல்லாம் வீணாக்காதே. உள்ள வந்து தண்டப் புடி" என்றான்.

அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. சிபாரிசு இல்லை, கும்பிடு இல்லை. எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் அப்படிச் சொந்தக் கையை நம்பி உள்ளே போனவர்கள்தான்.

அடிதடி அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஒரு தடவை முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தபோது வெளியே எவனோ பவுண்டரிக்காரர்களைக் கேலி பேசினான். கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து போனான். மூன்று பேரைச் சாக்கடையில் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்து, "இடது பக்கம் இன்னும் கொஞ்சம் எடுப்பா" என்றான்.

அவனுக்குப் பின்னால் தண்டு பிடித்தவனுக்கே தன் தங்கையையும் கட்டிக்கொடுத்தான். "என் முதுகையே அவன நம்பிக் குடுத்திருக்கேன். தங்கச்சியக் குடுக்கிறதுக்கு என்ன?" என்பது அவன் நியாயம். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க" என்பான். ஆலை வாசலைத் தாண்டிவிட்டால் "டேய், தண்ட நேராப் புடிடா" என்பான். தண்டில் மரியாதை பார்த்துக்கொண்டிருந்தால் இரும்பு இறுகிவிடும். இது இருவருக்கும் தெரியும், இருவருக்கும் அதில் வருத்தமும் இல்லை.

மாப்பிள்ளைக்கு வருத்தம் வேறு. நல்ல வார்ப்பு வந்தால் எல்லாரும் "முன்பிடி கொண்டு வந்த இரும்பு" என்றார்கள். ஒரு சொட்டு சிந்தாமல் சாய்த்து ஊற்றியவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

"வழி பாத்து நடக்க எருமைக்குக்கூடத் தெரியும். சாய்க்கிறதுக்குத்தான் மூளை வேணும்" என்று வீட்டில் முணுமுணுப்பான்.

"அத எங்க அண்ணன் முன்னால சொல்லுங்க, கேப்போம்" என்பாள் மனைவி. அதோடு மனுஷன் வாயை மூடிக்கொள்வான். வாய் மூடியதே தவிர, உள்ளே இருந்தது ஆறவில்லை.

அந்த நாளில் பவுண்டரியில் காலுக்குச் சாக்குத் துணிதான். சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டு நெருப்புக்கு நடுவே நிற்பார்கள். அச்சுக்கு மணல் இடிக்கிறவன் ஒருவனின் பாதத்தில் இரும்பு சிந்தி, கணுக்காலோடு எடுக்க வேண்டியதாகிவிட்டது. தோல் பூட்ஸ் கேட்டார்கள். "இப்ப பூட்ஸ் கேப்பீங்க, அப்புறம் கோட்டு கேப்பீங்க" என்று முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பில் உலை அணைந்தது. வேலைநிறுத்தம்.

பட்டினி, தடியடி, மண்டை உடைப்பு எல்லாம் நடந்தது. ஒருவரும் உள்ளே போகவில்லை. கடைசியில் மேஸ்திரி வெளியிலிருந்து ஆள் பிடித்தான். கூலியாட்கள் கிடைத்தார்கள், தண்டு பிடிக்கத் தெரிந்தவன் கிடைக்கவில்லை. மேஸ்திரி லேசுப்பட்டவன் இல்லை, மாப்பிள்ளையின் அரிப்பு அவனுக்குத் தெரியும்.

"உன் மச்சான் இல்லாட்டி இரும்பு நகராதுன்னு ஊரே சொல்லுது. நீ முன்னால நின்னு காட்டுடா" என்றான்.

காசுக்கோ பசிக்கோ போயிருந்தால்கூட எங்கள் தெரு ஒருநாள் மன்னித்திருக்கும். அந்த மடையன் முன்னால் நிற்கும் இடத்துக்காகப் போனான்.

காலையில் தார்ப்பாய் மூடிய லாரி வாசலுக்கு வந்தது. ஆட்கள் குறுக்கே விழுந்தார்கள். காவலாளிகள் கம்பால் விளாசினார்கள். முன்பிடி லாரியின் பின்பலகையில் தொற்றி ஏறித் தார்ப்பாயைக் கிழித்தான். உள்ளே மாப்பிள்ளையின் முகம். சட்டையைப் பிடித்து இழுத்தான், சட்டைதான் கையோடு வந்தது. பின்னாலிருந்து விழுந்த அடியில் அவன் தோள்பட்டை எலும்பு நொறுங்குகிற சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்டது. கீழே விழுந்தான். லாரி உள்ளே போனது.

"மச்சான்! இன்னைக்கு இரும்பக் கொண்டு போறது யாருன்னு பாருங்க!" என்று மாப்பிள்ளை வெற்று உடம்போடு கத்தினான்.

கையில் சட்டையோடு எழுந்து நின்றவனைப் பார்த்து ஒருவன், "என்னப்பா, மாப்பிள்ளைக்குச் சட்டையக் கழட்டி வழியனுப்பி வச்சுட்டியா?" என்றான். சொன்னவனுக்கு இரண்டு பல் போயிற்று.

சற்று நேரத்தில் புகைபோக்கி கறுப்பாகக் கக்கியது. உலை மூண்டுவிட்டது. இரும்பு ஒரு தடவை அச்சில் விழுந்துவிட்டால் வேலைநிறுத்தம் செத்தது, பூட்ஸும் செத்தது. இது தெரியாத ஆள் அங்கே இல்லை. முன்பிடி காலில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஒரு கடப்பாரையை எடுத்தான்.

"இன்னைக்கு என் தங்கச்சி விதவைதான்" என்றான். ஒருவரும் தடுக்கவில்லை.

வாசற்கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். காவலாளிகளை அவர்கள் கம்பாலேயே அடித்தார்கள். கூலியாட்கள் மூலைக்கு மூலை சிதறினார்கள். ஓடிய வேகத்தில் ஒருவன் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துவிட்டான். தரை எங்கும் ஈரம். இரும்புக் குழம்பு ஈரத்தில் விழுந்தால் குண்டு மாதிரி வெடிக்கும்.

உலைக்கு அப்பால் மாப்பிள்ளை நின்றான். முன்னால் தண்டு பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, அப்படியே முன்பிடியைப் போல. நடுவில் விளிம்பு வரை நிறைந்த வாளி. பின்னால் ஒரு கூலியாள், வாளியைப் பார்க்காமல் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அடி உருண்டையான வாளி அது, தரையில் வைத்தால் உருண்டுவிடும். அதெல்லாம் அந்தக் கூலியாளுக்கு எங்கே தெரியும்? தண்டை விட்டுவிட்டு ஓடத் திரும்பினான்.

முன்பிடியின் கடப்பாரை ஈரத் தரையில் விழுந்தது. நழுவிய தண்டை இரண்டு கையாலும் பிடித்தான். உடைந்த தோள் அலறியது. வாளி ஒருமுறை ஆடி நின்றது.

மாப்பிள்ளையால் திரும்ப முடியாது, திரும்பினால் வாளி சாயும். பின்னால் ஆள் மாறியது மட்டும் தண்டில் தெரிந்தது.

"யார்ரா அது பின்னால?"

"நடங்க மாப்பிள்ளை."

ஆலைக்குள் ஒருநாளும் கேட்காத மரியாதை. அந்த ஒரு சொல்லிலேயே மாப்பிள்ளைக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பின்னால் நிற்பவன் எதற்காக வந்திருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியாதா? கையை விட வேண்டியதுதான் பாக்கி. தவறி விழுந்தது என்று ஊரே சாட்சி சொல்லும்.

"மச்சான்... பக்கத்துல அச்சு இருக்கு. அதுல ஊத்திடலாம் மச்சான்."

மேஸ்திரி ஒரு தூணுக்குப் பின்னால் இருந்து தலையை நீட்டினான். "ஊத்துடா அதுல! உன் தங்கச்சி புருஷன் பொழைப்பான்!"

அச்சு எட்டிப்பிடிக்கிற தூரம். மிச்ச இரும்பைக் கொட்டுகிற உலர்ந்த மணல் பள்ளமோ கொட்டகையின் அந்தக் கோடியில். இடையில் ஈரம், அடிதடி, ஓடுகிற கூட்டம். அச்சில் ஊற்றினால் மாப்பிள்ளை தப்பிப்பான், முன்பிடி வேலைநிறுத்தத்தைக் காட்டிக்கொடுத்த கருங்காலி. கையை விட்டால் முன்பிடியின் பெயர் நிற்கும், தங்கையின் தாலி நிற்காது.

"பள்ளத்துக்கு நடங்க" என்றான்.

"அவ்ளோ தூரம் முடியாது மச்சான். கை போகுது."

"கை போனா காலும் போகும். நடங்க."

நடந்தார்கள். வாளி தூக்கிப் போகிறவர்களைக் கண்ட கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "முன்பிடியும் கருங்காலி ஆயிட்டான்டா!" என்று ஒருவன் கத்தினான். கற்கள் வந்தன. முன்பிடியின் காதைக் கிழித்துக்கொண்டு ஒன்று போனது. ஈரத்தைத் தாண்டியதும் இன்னொன்று மாப்பிள்ளையின் நெற்றியில் விழ, அவன் முழங்கால் மடங்கியது. வாளி முன்னால் கவிழாமல் முன்பிடி தன் பக்கத் தண்டை அழுத்த, குழம்பு அலைந்து பின்பக்கம் சிந்தியது. முன்பிடியின் இடது பாதத்தில் சாக்கு எரிந்து, அதற்குள் இருந்ததும் எரிந்தது. கறி கருகுகிற வாடையில் கல் எறிந்தவர்களே கையைக் கீழே போட்டார்கள். அவன் வாயிலிருந்து வந்த சத்தத்தை மனுஷச் சத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் தண்டு அசையவில்லை. அந்தப் பிடியைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

"எழுந்திருங்க மாப்பிள்ளை" என்றான்.

எழுந்தான். மிச்ச தூரமும் போனார்கள். பள்ளத்தின் விளிம்பில் நின்றதும், சாய்க்கப் பழகாத அந்தக் கைகளுக்கு மாப்பிள்ளை அழுதுகொண்டே வழி சொன்னான்: "இன்னும் கொஞ்சம்... மெதுவா... இப்பத் திருப்புங்க மச்சான்." முதலாளியின் இரும்பு முழுக்க மணலில் கொட்டி, ஒன்றுக்கும் உதவாத கட்டியாக உறைந்தது.

காலி வாளியை மணலில் இறக்கி வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அடித்தான்.

"உட்காருங்க மாப்பிள்ளை." ஒரு குத்து. "சாப்பிடுங்க மாப்பிள்ளை." இன்னொரு குத்து. தாடை கழன்று தொங்கியது. மூன்றாவதற்கு இடது காலை ஊன்றினான். வெந்த பாதம் தாங்கவில்லை. இருவரும் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரே வண்டியில்தான் போனார்கள்.

தங்கை வந்தாள். அந்தக் கட்டிலில் தாடைக்குக் கட்டுப் போட்ட புருஷன், இந்தக் கட்டிலில் பாதத்துக்குக் கட்டுப் போட்ட அண்ணன். நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"கைய விடாம வந்தியே, அதுக்கு உன்னக் கும்பிடவா? அவரு தாடைய ஒடைச்சியே, அதுக்குக் காறித் துப்பவா? சொல்லுண்ணே."

"ரெண்டும் பண்ணு. மொதல்ல தண்ணி குடு."

அந்தப் பக்கத்துக் கட்டிலில் புருஷன் சிரிக்கப் போய் வலியில் முனகினான். அவள் திரும்பி, "நீங்க சிரிக்காதீங்க, வீட்டுக்கு வாங்க, நானும் பாக்கி வச்சிருக்கேன்" என்றாள்.

எரிகிற காலோடு முன்பிடி நடந்த கதை ஊரெல்லாம் பரவிய பிறகு முதலாளியால் சிரிக்க முடியவில்லை. பூட்ஸ் கொடுத்தார். உலை மறுபடி மூண்டது.

வேலை தொடங்கிய அன்று மாப்பிள்ளையும் வந்தான், கோணிப்போன வாயோடு. அவனோடு தண்டு பிடிக்க ஒருவரும் முன்வரவில்லை. "கருங்காலி தொட்ட தண்ட நாங்க தொட மாட்டோம்" என்றார்கள். மேஸ்திரியும் கையை விரித்தான். அவனை நம்பி வீட்டில் மூன்று வயிறு. அவன் வாளிக்குப் பக்கத்தில் தனியாக நின்றான்.

முன்பிடி நொண்டிக்கொண்டு வந்தான். பேசியவர்களை ஒரு பார்வை பார்த்தான். அவர்கள் விலகி வழி விட்டார்கள். நேராகப் போய்ப் பின்பக்கத் தண்டைப் பிடித்தான்.

"மச்சான், நான் பின்னால நிக்கிறேன். நீங்க முன்னால..."

"எந்தக் கால வச்சு முன்னால நடக்கிறது? நீங்க ஆசப்பட்ட எடம்தானே. போய் நில்லுங்க."

மாப்பிள்ளை போய் நின்றான். தண்டைப் பிடித்தான். ஒரு தடவை பின்னால் திரும்ப முயன்று, துணிவு வராமல் முன்னால் பார்த்தான். உலையின் வாயை இன்னும் திறக்கவில்லை. அதற்குள் அவன் முதுகு முழுக்க வியர்வையில் நனைந்துவிட்டது.