தட்டில் மிஞ்சிய பின்

தெருவில் அவருக்கு 'ஸ்பேனர்' என்று பெயர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தமாக ஒரு கார் வாங்கியதிலிருந்து அதில் இன்னொருவரைக் கைவைக்க விட்டதில்லை. அவர் காருக்கு அடியில் போனால் மனைவி விளக்கோடு பக்கத்தில் குந்தியிருக்க வேண்டும். அடுப்பில் என்ன கொதித்தாலும் சரி. "பொண்டாட்டி வேணாம், வெளக்குக் கம்பம் ஒண்ணு போதும்னேன், அதான் கெடச்சுது" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரித்து வைப்பாள்.

இன்னொரு வேலையும் அவளுக்கு உண்டு. கழற்றியதையெல்லாம் அவர் திரும்பிப் பார்க்காமலே நீட்டுவார். அவள் வாங்கித் துடைத்து, நசுங்கிப்போன ஒரு அலுமினியத் தட்டில் வரிசையாக வைப்பாள். மாட்டும்போது அவர் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுப்பாள். தட்டு காலியானால் வேலை முடிந்தது. சண்டையில் பேச்சு நின்றுபோன நாட்களில்கூட இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றதில்லை.

சில மாதங்களாக அவருடைய வலது கை நடுங்கியது. முதலில் கவனித்தவள் அவள்தான். டம்ளரை அரைவாசி மட்டும் நிரப்பிக் கொடுக்கத் தொடங்கினாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மகன் கண்ணில் பட்டதும் கதை மாறியது. பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் கூட்டிப்போவது தாத்தாதான். இனி வேண்டாம் என்று அவன் நிறுத்திவிட்டான். அவருக்கு அது கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

"முன் சக்கரத்துல பால் ஜாயிண்ட் போயிருக்கு. நானே மாத்திக் காட்டுறேன். அப்புறம் கை நடுங்குதான்னு சொல்லு" என்றார்.

சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் குண்டு மூட்டு அது. தேய்ந்துபோய், ஒவ்வொரு மேட்டிலும் கடகடவென்றது. கழன்றுவிட்டால் ஓட்டத்திலேயே சக்கரம் மடங்கிவிடும். மாற்றிக் காட்டினால் குழந்தையை அனுப்புகிறேன் என்று மகன் ஒப்புக்கொண்டான். அவரால் முடியாது என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கி நழுவினால் தாங்கட்டும் என்று வண்டிக்கு அடியில் கிடத்தினார். பழைய மூட்டு துருப்பிடித்து அசைய மறுத்தது. சுத்தியலால் அடி அடி என்று அடித்தார். சுத்தியல் பிடித்த கை நடுங்கவில்லை. அவளுக்கே ஒரு கணம் நம்பிக்கை வந்தது. புது மூட்டு உட்கார்ந்தது, நட்டும் இறுகியது. தட்டில் மிச்சமிருந்தது காட்டர் பின் மட்டும். நட்டு கழன்றுவிடாமல் துளையில் செருகி வளைத்துவிடும் சின்னக் கம்பி.

"பின் குடு."

கொடுத்தாள். துளைக்குப் பக்கத்தில் போய்ப் போய் அது வழுக்கியது, மண்ணில் விழுந்தது. எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். மறுபடி விழுந்தது. அவள் விளக்கைக் கொஞ்சம் திருப்பி அவர் கையை இருட்டில் விட்டாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவரே பின்னைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தார்.

"முடிஞ்சுது. தண்ணி குடிச்சிட்டு வந்து வீல மாட்டுறேன்."

அவர் வீட்டுக்குள் போனதும் அவள் மண்ணில் மல்லாந்து படுத்தாள். பின் ஒரே தடவையில் உள்ளே போனது. குறட்டால் இரண்டு முனையையும் வளைத்துவிட்டு எழுந்தாள். திரும்பி வந்தவர் காலித் தட்டைப் பார்த்தார், அவள் முதுகில் ஒட்டியிருந்த மண்ணையும் பார்த்தார். சக்கரத்தை உருட்டி வந்து மாட்டினார்.

சாயங்காலம் மகன் வந்தான். அந்தப் பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தான். துளி ஆட்டமில்லை.

"தோத்துட்டேம்பா. நாளையிலருந்து பாப்பாவ நீங்களே கூட்டிட்டுப் போங்க."

குழந்தை ஓடிவந்து தாத்தாவின் காலைக் கட்டிக்கொண்டது. உண்மையை அவரே சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். நடுங்கும் கை தலையைத் தடவுகையில் வித்தியாசம் தெரியவில்லை.

நாலு பேர் முன்னால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

"தம்பி, அந்தக் காட்டர் பின்ன நான்தான் போட்டேன்" என்றாள். "அவரால முடியல."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். தாத்தா ஏன் வரவில்லை என்று அது கேட்பது வாசல்வரை கேட்டது.

"வெளக்குப் புடிக்க வந்தவளுக்கு வாய் எதுக்கு?" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை.

மேஜைமேல் அந்தத் தட்டு கழுவாமல் கிடந்தது. அவர் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து அதில் வைக்கப் போனார். சாவி தட்டில் பட்டதும் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. அவர் விரல்களைப் பிரித்துக் கையை எடுக்கும்வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை.