சிலுவைக்கல்லில் இறக்கிய மூட்டைகள்

லெயோகாதி பூஸ்கரேலுக்கு உட்காரத் தெரியாது. பிரான்சில் மார்ஜெரீட் மேட்டு நிலத்தில் பதினொரு ஊருக்கும் அவள் ஒருத்திதான் மருத்துவச்சி. சூப்பைக்கூட அடுப்பருகே நின்றபடியே குடிப்பாள். "வலி எடுத்திருக்கறது உனக்கா, பிள்ளை பெறப்போறவளுக்கா?" என்று கணவர் அல்பான் சீண்டுவார். அவர் குதிரைக்கும் மாட்டுக்கும் லாடம் அடிக்கிற கொல்லர், நிதானமான மனிதர்.

அவளுக்கு ஏற்ற மாதிரி ஒரு வண்டியும் வாய்த்தது. கறுப்பு ட்ராக்ஸியோன் கார். 1934இல் அந்த ரகம் முதன்முதலாக ரோட்டுக்கு வந்தபோது ஊர் வாயைப் பிளந்தது. மற்ற கார்களைப் பின்சக்கரம் தள்ளும், இதையோ முன்சக்கரம் இழுக்கும். கியர் கம்பி முன்பலகையிலிருந்து குடைப்பிடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். போர்க்காலத்தில் அவளுடைய அந்த வண்டியை ஜெர்மன்காரன் பிடுங்கிக்கொண்டான். அவனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருந்து சண்டை போட்ட நம் பையன்கள் அதைத் திருப்பிப் பிடுங்கி, கதவில் தங்கள் படையின் பெயரை வெள்ளை எழுத்தில் எழுதினார்கள். சண்டை முடிந்து அவள் கைக்கு வந்தபோது எழுத்தின் மேல் கறுப்பு பூசியிருந்தார்கள். மழையில் நனைந்தால் இப்போதும் தெரியும்.

அல்பானுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. "மூக்கால இழுத்துட்டுப் போற காரை எங்கயாவது பாத்திருக்கியா?"

"ஏன், குதிரை வண்டிக்குப் பின்னால நின்னா தள்ளுது? லாடம் அடிக்கிறவர் பேசுற பேச்சா இது!"

மனுஷன் சுத்தியலை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போய்விடுவார். ஆனால் அவள் பனியில் போகிறாள் என்றால் திரும்பி வரும்வரை வாசலிலேயே நிற்பார்.

1954 பனிக்காலத்தில்தான் அது நடந்தது. புவெக் பண்ணையில் செவெரேனின் மனைவி சொலாஞ்சுக்குத் தலைப்பிரசவம். கடைசி ஏற்றத்தில் வண்டி வழுக்கியது. அவள் எவ்வளவு மிதித்தும் சக்கரம் சும்மா சுற்றியதே தவிர ஏறவில்லை. வண்டியை விட்டுவிட்டு முழங்கால் பனியில் நடந்தாள். போய்ச் சேர அரை மணி நேரம் தாமதம். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, அது பிழைக்கவில்லை. அந்த அரை மணியைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. என் கைதான் சரியில்லை, எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று தன்னையே தின்றுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் ஓரிடத்தில் நிற்கக்கூட முடியாமல் அங்குமிங்கும் நடக்க ஆரம்பித்தாள்.

1956 பிப்ரவரி. ஊரே உறைந்து கிடந்தது. பகல் மூன்று மணிக்குத் தபாலாபீசில் தொலைபேசி அடித்தது. அதே புவெக் பண்ணை, அதே சொலாஞ்ச். லெயோகாதி பையை முன்சீட்டில் எறிந்துவிட்டுக் கிளம்பினாள்.

அதே ஏற்றத்தில், ரோட்டோரச் சிலுவைக்கல்லைத் தாண்டியதும், அதே மாதிரி சக்கரம் சுற்றியது. "ஏறேன், சனியனே, ஏறித் தொலையேன்!" என்று ஸ்டியரிங்கை அடித்தாள். இந்தப் பிள்ளையும் போய்விட்டால்? மறுபடி மிதித்தாள்.

என்ஜின் அலறலைக் கேட்டு செவெரேன் மேலேயிருந்து ஓடி வந்தான். "மண்வெட்டி இருக்காம்மா?"

"பின்னால பாருடா!"

வண்டியின் பின்பெட்டியை அவள் திறந்தே வருஷக்கணக்காகியிருந்தது. திறந்தவன் அப்படியே நின்றான். உள்ளே ஐந்து மணல் மூட்டைகள்.

"யாரும்மா இதை வச்சது?"

லெயோகாதிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் நவம்பரில் சகல புனிதர் திருநாள் வந்தால் ஈஸ்டர் வரைக்கும் எல்லோரும் வண்டியின் பின்பக்கம் மணல் மூட்டை ஏற்றுவார்கள். பின்சக்கரம் தள்ளுகிற வண்டிக்கு அது நல்லதுதான். அல்பானும் அவளிடம் சொல்லாமல் ஏற்றியிருக்கிறார்.

"காட்டுல இருந்தப்ப நான் ஓட்டினதும் இந்த ரகம்தாம்மா. இழுக்கிறது முன்சக்கரம். பின்னால பாரம் வச்சா மூக்கு தூக்கிக்கும், எங்க பிடிக்கும்?" சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். "போன தடவையும் இருந்துச்சா?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "இருந்திருக்கும், செவெரேன்."

அவன் ஒரு மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பள்ளத்தில் வீசினான். அது கிழிந்து பனியில் மணல் சிதறியது. மற்ற நாலையும் இறக்கி ரோட்டோரம் போட்டான். "ரிவர்ஸ்ல ஏத்துங்கம்மா. அப்பத்தான் பாரமெல்லாம் முன்சக்கரத்துல இறங்கும்."

சிலுவைக்கல் வரை சறுக்கி இறங்கி, அங்கே ரோடு அகலமாக இருந்த இடத்தில் வண்டியைத் திருப்பினாள். செவெரேன் பாரத்துக்காக பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்து முன்விளக்கைக் கட்டிக்கொண்டான். கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி அந்த ஏற்றம் முழுவதையும் பின்னோக்கியே ஏறினாள். சக்கரம் கவ்வியது. வண்டி பண்ணை முற்றத்தில் போய் நின்றது.

இந்தப் பிள்ளைக்கும் கொடி சுற்றியிருந்தது. ஆனால் இந்தத் தடவை அவள் கை நேரத்துக்கு அங்கே இருந்தது. பெண் குழந்தை. அது கத்திய கத்தலில் லெயோகாதி அழுதேவிட்டாள்.

புறப்படும்போது செவெரேனும் கூடவே வந்தான். ரோட்டோரம் கிடந்த நாலு மூட்டையையும் திரும்பப் பெட்டியில் ஏற்றினான்.

"எதுக்குடா இது?"

"வீட்ல கேட்டா, மூட்டை இருந்ததாலதான் ஏறுச்சுன்னு சொல்லுங்க. அவரு நல்லது நினைச்சுத்தானே வச்சாரு? உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அது போதும்மா." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் மேலே நடந்தான்.

அல்பான் கொல்லுப்பட்டறை வாசலிலேயே காத்திருந்தார். வண்டி நின்றதும் பெட்டியைத் திறந்து பார்த்தார். "நாலுதானே இருக்கு?"

"ஒண்ணு சிந்திப் போச்சு."

"பாத்தியா! உதவுச்சுல்ல?"

"உதவுச்சு."

"நாளைக்கே ஒண்ணு நிரப்பி வச்சிடறேன்," என்றார் அல்பான். முகமெல்லாம் பூரிப்பு.

அதற்குப் பிறகு ஏழு பனிக்காலம் அந்த வண்டி ஓடியது. எந்த ஏற்றமானாலும் அடிவாரத்தில் நிறுத்தி, ஐந்து மூட்டையையும் தானே இறக்கிவிட்டுத்தான் ஏறுவாள். திரும்பும்போது தானே ஏற்றிக்கொள்வாள். இடுப்பு போய்விட்டது. அடுப்பருகே குப்புறப் படுக்க வைத்துத் தைலம் தேய்க்கும்போதெல்லாம் அல்பான் அலுத்துக்கொள்வார்: "அப்படி என்னத்தத்தான் தூக்கித் தொலைக்கிற?"

"பிள்ளைங்கள," என்பாள்.