முட்டுக்காட்டிலிருந்து தாம்பரத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீர்

போன சனிக்கிழமை கோவளம், முட்டுக்காடு போனேன். ஊர் சுற்ற இல்லை, ரேவதியின் குட்டை உடைக்க. தாம்பரத்தில் ஒரே ஆய்வகத்தில் இருக்கிறோம். அவள் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். பாறையில் ஒட்டி வளரும் ஆளிச் சிப்பிக்குக் குஞ்சுப் பருவத்தில் நுண்பாசிதான் தீனி. கரையோரத் தண்ணீரில் அது எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுவது எங்கள் வேலை. என் இடம் முட்டுக்காடு கழிமுகம், அவள் இடம் கோவளம். ஐந்து மாதமாக என் எண்ணிக்கை அவளுடையதில் பாதியைத் தாண்டவில்லை. இரண்டில் ஒரு இடத்தில்தான் வளர்ப்புக்குச் சிப்பிக் குஞ்சுகளை விடுவார்கள். எது என்று திங்கட்கிழமை பேராசிரியர் சொல்வதாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அவள் ஏதோ தில்லுமுல்லு செய்கிறாள் என்றே நம்பினேன். அவள் தண்ணீர் எடுக்கக் கோவளம் கிளம்பியபோது நானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன்.

காலை 6.10க்குத் தாம்பரத்தில் பஸ். வெள்ளைப் போர்டு போட்ட சாதாரண பஸ் வந்தால் பெண்களுக்கு இலவசம். எங்களுக்கு வாய்த்தது டீலக்ஸ், ஆளுக்கு 35 ரூபாய். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். 7.35க்குக் கோவளத்தில் இறங்கினோம். வழியெல்லாம் ரேவதிக்கு ஜன்னல் சீட். அதற்கும் எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

கோவளத்தில் அவளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். வாளியில் மொண்டாள், பாட்டிலில் ஊற்றினாள், உடனே நாலு சொட்டு அயோடின். அது பட்டதும் தண்ணீரில் உள்ள உயிரெல்லாம் செத்து அப்படியே நின்றுவிடும். நானும் விடுவேன், ஆனால் தாம்பரம் வந்த பிறகு. ஒரு தடவை பஸ்ஸில் மூடி கசிந்து புதுச் சுடிதார் பழுப்பானதிலிருந்து அதுதான் என் வழக்கம்.

முட்டுக்காட்டுக்கு ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். "இன்னாக்கா, கடல் தண்ணிய எத்துகினு போறீங்க, மீன் தொட்டிக்கா?" என்றார் டிரைவர். ரேவதி பொறுமையாக விளக்கினாள். இறங்கும்வரை அவர் கேட்டதெல்லாம் அவளிடம்தான். நான் ஒருத்தி உட்கார்ந்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை போல.

கழிமுகத்தில் தண்ணீர் எடுத்து அப்படியே மூடியை இறுக்கினேன். ரேவதி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, தாம்பரம் போய்ச் சேர்ற வரைக்கும் உள்ள இருக்கிற பூச்சிங்க சும்மாவா இருக்கும்?"

நான் பாட்டிலைப் பையில் போட்டேன். அவள் அதே வாளியிலிருந்து இன்னொரு பாட்டில் நிரப்பி, அதில் மட்டும் அங்கேயே அயோடின் விட்டாள்.

பத்தேகால் பஸ். பெருங்களத்தூரில் முகூர்த்த நாள் நெரிசல், அங்கேயே முக்கால் மணி நேரம். ஆய்வகம் சேர மதியம் மணி ஒன்றரை. அவள் முட்டுக்காட்டில் நிரப்பிய பாட்டிலை எண்ணினால் கோவளத்துக்குக் குறையாத தீனி. என் பாட்டிலில் பாதிதான். மீதியைத் தின்ற குட்டி நீர்ப்பூச்சிகள், இன்னும் அயோடின் விடாததால், மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வயிறு பச்சையாக நீந்திக்கொண்டிருந்தன. என் ஐந்து மாதக் கணக்கும் குப்பை.

தண்ணீர் எடுக்கப் போகிறவர்களுக்கு: கரையிலேயே அயோடின் விடுங்கள், பழைய துணி உடுத்திப் போங்கள். முகூர்த்த நாளில் பெருங்களத்தூர் ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் வராதீர்கள்.

திங்கட்கிழமை பேராசிரியர் கோவளம் என்று சொல்ல வாயெடுத்தார். ரேவதி குறுக்கே வந்தாள்.

"சார், மூணு வாரம் குடுங்க. முட்டுக்காட்டுல தீனி நல்லா இருக்கு. அக்கா மறுபடி அளக்கட்டும்."

கொடுத்தார். நன்றி சொன்னேன், மனசாரத்தான். ஆனால் அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். இப்போது எரிவது அதுதான்.