கம்ப்யூட்டருக்குத் தைத்த உறை

போன வாரம் அலுவலகத்திலிருந்து ஒரு பையன் போன் செய்தான். "அக்கா, இனிமே உங்களுக்கு வீட்ல இருந்துதானே வேலை? டெஸ்க்டாப் அனுப்பட்டுமா, லாப்டாப்பா?" இதற்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரமாகும், நீங்களே சொல்லுங்கள். நான் "நாளைக்குச் சொல்றேன் தம்பி" என்று வைத்துவிட்டேன். ஏதோ பெரிய தொழில்நுட்ப யோசனையில் இருக்கிறேன் என்று நினைத்திருப்பான், பாவம். நான் ஜன்னலோர மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மூக்கில் சுக்கு வாசனை. சென்னையில், நாலாவது மாடியில், சுக்கு ஏது?

அது எறணாகுளத்துக்கு அக்கரையில் இருக்கும் மட்டாஞ்சேரி வாசனை. எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சுக்குக் கிடங்கு இருந்தது. அப்பாவுக்கு நகரசபையில் துப்புரவு வேலை. தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த குடும்பம். வீட்டில் பேசுவது ஏதோ தமிழ் மாதிரி இருக்கும். பள்ளியில் படித்ததோ மலையாளம். தமிழ் எழுத்தை நான் கோயம்புத்தூர் பஸ் போர்டுகளைப் பார்த்துத்தான் கூட்டிக் கூட்டிப் படித்தேன். இன்றைக்கும் என் கையெழுத்து கொஞ்சம் உருண்டைதான்.

கோயம்புத்தூருக்கு எப்படிப் போனேன் என்பதுதான் கதை. பிளஸ் டூ முடித்ததும் எனக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்தது. ஒன்று கலூரில், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். இன்னொன்று கோயம்புத்தூரில், ஹாஸ்டல். எங்கள் வரிசை வீடுகளில் ஒரு பெண்ணும் அதுவரை வெளியூரில் தங்கிப் படித்ததில்லை. இரண்டில் எது என்று முடிவு செய்ய வேண்டும். ஆனால் பாருங்கள், அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒருவரும் கல்லூரி என்ற பேச்சையே எடுக்கவில்லை. கம்ப்யூட்டரைப் பற்றியே பேசினோம். டெஸ்க்டாப் என்றால் நான் வீட்டில் இருக்கிறேன், லாப்டாப் என்றால் போகிறேன். மூன்று பேருக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி பேசிக்கொண்டிருந்தோம்.

அப்பா டெஸ்க்டாப் கட்சி. "அதான் வீட்டுக்கு ஒரு லட்சணம். மத்தது என்னடி, டிபன் பாக்ஸ் கணக்கா இருக்கு. பஸ்ல எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்" என்பார். எதிர்வீட்டு ஜோஸி சேட்டனுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை. அவரிடம் கேட்டால் தெளிவு பிறக்கும் என்று போனேன். காலையில் சாயா குடித்துக்கொண்டே "டெஸ்க்டாப் மதி மோளே" என்றார். மதி என்றால் போதும். சாயங்காலம் அவரே கூப்பிட்டு, "மழைக்கு வீட்டுல வெள்ளம் கேறுமல்லோ? லாப்டாப் எடுத்தோ" என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம்! அன்றைக்கே மேஜையின் நாலு காலுக்கும் அடியில் செங்கல் அடுக்கி, "இப்ப வரட்டும் வெள்ளம், பார்க்கலாம்" என்றார். அந்த மேஜையில் டைப் அடிக்க வேண்டுமானால் நான் நின்றுகொண்டுதான் அடிக்க வேண்டும். அது யார் மண்டையிலும் ஏறவில்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறீர்களா? சத்தியமாக எனக்கே தெரியவில்லை. கோயம்புத்தூர் என்று நினைத்தால் ஆசையும் பயமுமாக இருக்கும். கலூர் என்று நினைத்தால் அப்பாடா என்று இருக்கும், அடுத்த நிமிஷம் அழுகை வரும். அப்பா கேட்டால் அவருக்குத் தலையாட்டினேன், ஜோஸி சேட்டன் கேட்டால் அவருக்கு. நல்ல பெண் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. தைக்க உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் உடுப்பில்லாமல் இருக்கக் கூடாது. டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ரேடியோவுக்கு உறை, எல்லாவற்றுக்கும் கீழே சுருக்கு வைத்த பாவாடை ஓரம். சாமான் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே உறை தயாராகிவிடும். கம்ப்யூட்டர் டிவி மாதிரிதானே என்று டிவியை அளந்து, தன்னுடைய வாடாமல்லிப் புடவையை வெட்டித் தைத்தாள். சரி, அம்மாவும் டெஸ்க்டாப்தான், நான் வீட்டில்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மூவரும் படகேறி எறணாகுளம் போனோம். பிராட்வே பக்கத்தில் கடை. உள்ளே போனால், டெஸ்க்டாப் எல்லாம் தட்டையாக இருக்கிறது! எங்கள் டிவி மாதிரி முதுகு வைத்த பெட்டியெல்லாம் எப்போதோ போய்விட்டதாம். அம்மா பையிலிருந்து உறையை எடுத்து, யாரையும் கேட்காமல், அங்கிருந்த ஒன்றின் மேல் மாட்டிவிட்டாள். அது கொடியில் காயப்போட்ட துணி மாதிரி தொங்கியது. கடைப் பையன்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

அம்மா நிதானமாக உறையை மடித்துப் பையில் வைத்தாள். "லாப்டாப்பே எடுங்க" என்றாள்.

"எந்தா இப்ப? வேற உறை தைச்சாப் போச்சு" என்றார் அப்பா.

"எனக்கு இனி வெட்டித் தைக்க வய்யா. அவ கொண்டுபோகட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அவ்வளவுதான், என் வாழ்க்கை முடிவாகிவிட்டது. மறு வாரமே அம்மா பக்கத்து வீட்டு மிக்ஸிக்கு ஒரு உறை வெட்டித் தைத்துக் கொடுத்தாள். வய்யா, முடியாது என்றவள் செய்கிற வேலையா அது? ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு இதையே நினைத்துக் குழம்பினேன். அம்மா என்னைப் போகச் சொன்னாளா, இருக்கச் சொன்னாளா?

ஓணம் லீவுக்கு வீடு வந்தேன். செங்கல் மேல் மேஜை, மேஜை மேல் வாடாமல்லி உறை, உள்ளே ஏதோ கம்பீரமாக நின்றது. எனக்குத் தெரியாமல் டெஸ்க்டாப்பும் வாங்கிவிட்டார்களா என்று தூக்கிப் பார்த்தேன். பிஸ்கட் டின் மேல் என் லாப்டாப் வந்த அட்டைப்பெட்டி.

"என்னம்மா இது?"

"தைச்சது சும்மா கெடக்கே, மோளே." உறையை என் கையிலிருந்து வாங்கித் தட்டி, மறுபடி மாட்டி, சுருக்கை இழுத்துச் சரிசெய்தாள். "இப்படி இருந்தா நீ இங்க படிக்கிற மாதிரியே இருக்கு" என்றாள்.

குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். சுக்குக் கிடங்கு இருந்த இடத்தில் ஒரு ஹோட்டல். அப்பா பள்ளுருத்தியில் வாடகை வீட்டில் இருக்கிறார். அம்மா இப்போது இல்லை. உறை எங்கே போனதென்று அப்பாவுக்கும் தெரியவில்லை.

சொன்னபடியே மறுநாள் அந்த அலுவலகப் பையனுக்குப் போன் செய்து, டெஸ்க்டாப்பே அனுப்பு என்றேன். இன்று காலை வந்து சேர்ந்துவிட்டது. ஜன்னலோரம் உடுப்பில்லாமல் நிற்கிறது.