ஏழு இடங்களில் இருந்த குரல்

ஒருவர் என்னை நம்பிச் சொல்லிவிட்டு, பிறகு வேண்டாம் என்று திரும்பக் கேட்ட சொற்களை வைத்திருக்க எனக்கு என்ன உரிமை இருந்தது? இந்தக் கேள்வியை நானாகத் தேடிப் போகவில்லை. ஆம்பூரில் ஒரு தொண்டு அமைப்பின் பாட்டுப் பதிவுகளைக் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு தொலைபேசி அழைப்பு அதை என் முன் கொண்டுவந்து வைத்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. சமூகப் பணியில் முதுகலை முடித்திருந்தேன். குடிநீர், வேலையிடப் பாதுகாப்பு, பெண்பிள்ளைகளின் படிப்பு ஆகியவை பற்றிப் பெண்கள் குழுக்களே கட்டிய பாட்டுகளை அவர்களையே பாடவைத்து, கேசட்டாகவும் சிடியாகவும் ஊர்களுக்குக் கொடுப்பது எங்கள் திட்டம். சர்ச் வளாகத்துப் பழைய சாமான் அறை எங்களுக்குக் கிடைத்தது. ஷூவின் உள்ளடிக்குப் போடும் ஃபோம் தாள்களில் கழிபட்டவற்றை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினோம். பெங்களூர் ரயில் கடக்கும்போதும் பாங்கு சொல்லும்போதும் பதிவை நிறுத்துவோம். மற்ற நேரத்தில் அறை அமைதியாகவே இருக்கும்.

கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் வேலை ஓர் அண்ணனுடையது. வார நாட்களில் ஷூ கம்பெனியில் தரம் பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார், சனிக்கிழமைகள் எங்களுக்கு. கோப்புகளை ஒழுங்காக வைத்துக்கொள்வது என் பொறுப்பு. தொடக்கத்திலேயே ஒருமுறை, புதிதாகப் பாடியதைப் பழையதன் மேலேயே அவர் சேமித்துவிட்டார். நாட்றம்பள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து பாடிய குழுவின் ஒரு நாள் உழைப்பு போய்விட்டது. "பேஜாராப் போச்சும்மா, புதுசு பழச முழுங்கிடுச்சு" என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அந்தப் பெண்களிடம் போய் மறுபடி வரும்படி கேட்டது நான்தான். அந்த வெட்கத்திலிருந்துதான் என் ஒழுங்குமுறை பிறந்தது.

ஒவ்வொரு பதிவு நாளும் தொடங்குமுன் பாட்டின் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து அடுத்த எண்ணைக் கொடுப்பேன். பழைய எண்ணுள்ளதைத் தொடக் கூடாது. எந்தக் குரல், எந்த இடம், எத்தனையாவது முறை என்று கோப்பின் பெயரிலேயே தெரிய வேண்டும். மாதம் ஒருமுறை அந்த மாதத்துப் பதிவுகளை இரண்டு சிடிகளில் எழுதி, ஒன்றை எங்கள் பீரோவிலும் ஒன்றை அண்ணன் வீட்டிலும் வைத்தோம். எது எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம். எதையும் அழிக்கக் கூடாது என்பதுதான் இவற்றுக்கெல்லாம் அடிப்படை விதி. அந்த விதியைக் குறித்து எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த ஆண்டு மூன்றாவது பாட்டைப் பாடவந்த குழுவில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா இருந்தார். வீட்டில் வைத்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுப்பவர். பாட்டின் நடுவில், இசை மட்டும் ஓடும் இடத்தில், அவர் தானாகவே பேசத் தொடங்கினார். தோல் பதனிடும் டேனரியில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய அவருடைய கணவர் மூச்சுமுட்டி விழுந்து உயிர் பிழைத்ததையும், வெளியே அதற்கு வேறு காரணம் சொல்லப்பட்டதையும் சொன்னார். அதற்கு மேல் நான் இங்கே எழுதவில்லை. இவ்வளவு எழுதலாம் என்று பின்னாளில் அவரே சொன்னார்; இவ்வளவுதான். ஆனால் அன்று அவர் பேசியதில், அது எந்த டேனரி என்று ஆம்பூர்க்காரர் எவருக்கும் புரிந்துவிடும். அவர் பேசி முடித்ததும் அண்ணன் என்னைப் பார்த்து, பதிவாகிவிட்டது என்று கட்டைவிரலைக் காட்டினார்.

அடுத்த வாரம் அந்த அக்கா தனியாக வந்தார்.

"ஏம்மா, நான் நடுவுல பேசினேன்ல, அத எடுத்துடு. எங்க வூட்டுக்காரர மறுபடி வேலைக்குக் கூப்ட்டுட்டாங்க. தொட்டி வேல இல்ல, தோல் காயப்போடற கொட்டாயில. இது அவங்க காதுக்குப் போச்சுன்னா அதுவும் பூடும்."

"சரிக்கா" என்றேன். அவர் கண்முன்னாலேயே அவர் பேச்சு மட்டும் தனியாகப் பதிவாகியிருந்த ட்ராக்கின் பொத்தானை அழுத்தினேன். திரையில் அலையலையாக இருந்த கோடு சாம்பல் நிறமானது. பாட்டை ஓட்டிக் காட்டினேன். அவர் பேசிய இடத்தில் ஹார்மோனியம் மட்டும் கேட்டது. "அழிச்சாச்சுக்கா" என்றேன். அவர் நிம்மதியாகப் போனார்.

நான் செய்தது மியூட். குரல் கேட்காது, ஆனால் கோப்பு அப்படியே இருந்தது. அவரிடம் நான் சொன்னது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றக்கூட இல்லை. எதையும் அழிக்காத பழக்கத்தில் கை போனது என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி வேறு: இப்படி ஒரு வாக்குமூலம் எங்களிடம் அதற்கு முன் வந்ததில்லை. என்றாவது ஒருநாள், யாரோ ஓர் அதிகாரியின் முன், இது பயன்படும் என்று நினைத்தேன்.

சில மாதங்கள் கழித்து, சென்னையில் உள்ள ஒரு குழு எங்கள் பாட்டுகளை நல்ல முறையில் கலந்து சிடியாகக் கொண்டுவர முன்வந்தது. தனித்தனி ட்ராக்குகள் வேண்டும் என்றார்கள். எந்தக் கோப்பு குறைந்தாலும் மென்பொருள் அதைத் தேடி நிற்கும் என்பதால், கடைசி எண்ணுள்ள ஃபோல்டரை முழுதாக சிடியில் எழுதி, நோட்டில் குறித்துவிட்டு அனுப்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அங்கே கலவை செய்யும் இளைஞர் ஃபோனில் அழைத்தார்.

"மேடம், மூணாவது பாட்டுல ஒரு ட்ராக் மியூட்ல இருந்துச்சு. மறந்துட்டீங்க போல. மியூட்ட எடுத்து உட்டேன். சும்மா உலுக்கிடுச்சு! திங்கக்கெழம சிடி போட பிரஸ்ஸுக்குப் போவுது."

"அது வேணாம்னு சொன்னது. தயவுசெஞ்சு எடுத்துடுங்க."

"இன்னா மேடம், பாட்டுக்கு உசுரே அதுலதான் இருக்கு."

நாளை நானே வருவதாகச் சொல்லி வைத்தேன். ரிசீவரைக் கீழே வைத்த பிறகு சிறிது நேரம் யோசித்தேன். சத்தமில்லாமல் சென்னைக்குப் போய் முடித்துவிட்டு வந்தால் அக்காவுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அவருடைய கவலையும் கூடாது, என்மீதுள்ள நம்பிக்கையும் குறையாது. ஆனால் அந்த நம்பிக்கை தெரியாமையின் மேல் நிற்பதாக இருக்கும். அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன்.

கணவர் வேலையிலிருந்து திரும்பவில்லை. அக்கா மடியில் தோலை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல ஊசி நின்றது.

"அழிச்சிட்டேன்னு சொன்னியேம்மா. கலர் மாறினத காட்டினியே."

"அது மியூட்டுக்கா. சத்தம் மட்டும் வராது."

"ஒருத்தன் வாயப் பொத்தி வூட்டுக்குள்ள உட்கார வெச்சிட்டு, ஆள் ஊர்லயே இல்லன்னு சொல்லுவியா?"

அவர் திட்டவில்லை, அதுவே கடினமாக இருந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நாளைக்கு எத்தினி மணிக்கு ரயிலு? நானும் வர்றேன். கண்ணால பாத்தாத்தான் இனிமே."

மறுநாள் காலை இருவரும் புறப்பட்டோம். அரக்கோணம் வரை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டி அங்கே நின்றபோது, "எதுக்கு வெச்சிருந்த?" என்று கேட்டார். என்றாவது பயன்படும் என்று நினைத்ததை மறைக்காமல் சொன்னேன்.

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்கா. இன்னொருத்தர் அந்தத் தொட்டில எறங்காம இருக்க."

"நல்ல எண்ணந்தான். ஆனா அதுல போற வேல எங்க வூட்டு வேல. எங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு நல்லது நெனைக்கலாம்ல?"

சென்னையில் அந்த இளைஞர் எங்களை மரியாதையாக உட்காரவைத்தார். அழிக்குமுன் ஒருமுறை கேட்க வேண்டும் என்றார் அக்கா. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கைகளை மடியில் கோத்து, தன் குரலை முழுதாகக் கேட்டார். கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "அழிப்பா" என்றார்.

"யம்மா, இது வெளிய வந்தா நாலு பேர் உசுரு பொழைக்கும்" என்றார் இளைஞர்.

"அப்போ நீ வந்து அந்த டேனரி கேட்டாண்ட நின்னு சொல்லேன். நாலு பேருக்குத் தெரியும். உங்க அப்பா அங்க வேல செய்யறாரா? இல்லல்ல. உனக்கு இன்னா பயம்?"

இளைஞர் சிரிக்கப் பார்த்து, முடியாமல், கோப்பை அழித்தார். அக்கா திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மூலையிலிருந்த குப்பைக்கூடைப் படத்தைக் காட்டி, "அதுல பேப்பர் தெரியுதே. மொதல்ல வெறுங்கூடையாத்தான இருந்துச்சு?" என்றார். அழித்த கோப்பு அந்தக் கூடைக்குள் கிடந்தது. இளைஞர் என்னைப் பார்த்தார். "உங்கள மாதிரி ஒருத்தங்க எங்க ஆபீஸ்ல இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே கூடையைக் காலி செய்தார். குரல் சேர்ந்திருந்த கலவையையும் அப்படியே நீக்கினார். பாட்டைத் திறந்தார். உடனே ஒரு சிறிய பெட்டி எழும்பி நின்றது.

"இன்னா கேக்குது அது?"

நான் படித்துச் சொன்னேன். 'கணவர் தொட்டி 1' என்ற கோப்பைக் காணவில்லை, எங்கே இருக்கிறது என்று மென்பொருள் கேட்டது. ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரை இட்டது நான். எதைத் தேடினாலும் உடனே கிடைக்க வேண்டும் என்று அத்தனை தெளிவாக இட்டிருந்தேன். குரல் போன பிறகும், பாட்டைத் திறக்கும் ஒவ்வொருவரிடமும் அது இன்னாருடைய இன்ன விஷயம் என்று அந்தப் பெயர் சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். அந்த ட்ராக்கையும் பெயரையும் வேரோடு எடுத்தோம். நான் அனுப்பிய சிடியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் நோட்டைத் திறந்து கணக்குப் பார்த்தோம். அந்தக் குரல் ஏழு இடங்களில் இருந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் மூன்று எண்களில் மூன்று நகல். பீரோவில் ஒரு சிடி. அண்ணன் வீட்டில் ஒரு சிடி. சென்னைக் கம்ப்யூட்டரில் இருந்தது. என் பையில் இருந்த சிடி. அக்கா விரல்விட்டு எண்ணி, "ஒண்ணுதான் போச்சு, ஆறு பாக்கி" என்றார். நோட்டில் எழுதிவைக்காமல் இருந்திருந்தால் இரண்டையாவது மறந்திருப்பேன். ஒழுங்காக வைத்திருந்ததால்தான் அது இத்தனை இடங்களுக்குப் பரவியது. ஒழுங்காக வைத்திருந்ததால்தான் அத்தனையையும் தேடிப் பிடிக்கவும் முடிந்தது.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் அக்கா எங்கள் அறைக்கு வந்தார்; அண்ணன் தன் வீட்டு சிடியை எடுத்துவந்தார். மற்ற பாட்டுகளை முதலில் புதிய சிடிகளுக்கு மாற்றினோம். பிற குழுக்களின் உழைப்பும் அவற்றில் இருந்ததல்லவா. பிறகு மூன்று ஃபோல்டர்களிலிருந்தும் கோப்பை நீக்கினோம். கூடையைக் காலி செய்ய அக்கா நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. பழைய சிடிகள் மூன்றையும் உடைக்க அண்ணன் தோல் வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்திருந்தார்.

"யக்கா, நீ மொறைக்கிற மொறைப்புக்கு கத்தரியே வேணாம். சிடி தானா ஒடஞ்சிடும்."

"நீ வெட்டு. பேச்சக் கம்மி பண்ணு" என்றார் அக்கா. ஆனால் சிரித்தார். இரண்டு நாட்களில் அப்போதுதான் முதல்முறை.

மூன்றாவது பாட்டு ஹார்மோனியத்தோடு வெளிவந்தது. அவருடைய கணவர் கொட்டகை வேலையிலேயே தொடர்ந்தார். நாங்கள் அழித்ததில் இழப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தொட்டியைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் மைக்கின் முன் பேசவில்லை. எங்களிடம் சான்று என்று எதுவும் மிஞ்சவில்லை. தொட்டியில் இறங்குபவர்களுக்கு முகமூடியும் கயிறும் கேட்டு நாங்கள் எழுதிய மனுக்களில் எவருடைய கதையும் இல்லை, அவற்றின் வலு குறைவுதான். அந்தக் குறையை ஈடுகட்டும் பொறுப்பு எங்களுடையதே தவிர, அந்த அக்காவுடையது அன்று.

அதன் பிறகு, எடுத்துவிடச் சொன்னதை மியூட் செய்து வைக்கும் வழக்கத்தை விட்டேன். கேட்டவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அழித்தோம். கோப்புகளின் பெயரில் பேசியவரையோ பேசிய விஷயத்தையோ குறிக்காமல் எண் மட்டும் இட்டோம். பாட்டில் சேராத குரல் எதுவும் எங்கள் அறையை விட்டு வெளியே போகவில்லை. பதிவு முடிந்ததும், பேசியவருடைய குரலின் நகல் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, அவர் கையில் கொடுத்தனுப்பினோம்.