மிளகு மூட்டையும் இடிச் சத்தமும்

மிளகு மூட்டையை வைத்து இடியை நிறுத்த முடியுமா? முடியும். போன வாரம் கொல்லிமலையில் நானும் சலீமும் நிறுத்தினோம்.

சலீம் என் நண்பர். பேளுக்குறிச்சியில் மிளகு வியாபாரம். மலைமேலே வாழவந்தி நாட்டில் வீடு கட்டி, ஒரு அறைக்குச் சுற்றிலும் பலகை அடித்து ஹோம் தியேட்டர் வைத்திருக்கிறார். ஒரே குறை — பேஸ், அதாவது அடிச்சத்தம்.

"டொம்முடொம்முனு ஒரே இரைச்சலுங்க. வசனமெல்லாம் கெணத்துக்குள்ள இருந்து பேசுறாப்ல இருக்குது. சத்தம் அளக்குற உங்க மீட்டரக் கொண்டாங்க" என்று போன் செய்தார்.

போனேன். பட்டப்பகலிலேயே மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. சோபாவில் மீட்டரை வைத்து, டெஸ்ட் டிஸ்க்கைப் போட்டோம். அடிச்சுரங்கள் ஒவ்வொன்றாக ஏறின. காதுக்கு முன்னால் நெஞ்சுக்குக் கேட்கிற சத்தம் அது. கண்ணை மூடினால் மலையே மூச்சு விடுகிற மாதிரி... எழுந்திருக்கவே மனசில்லை எனக்கு.

ஒரு சுரத்தில் மட்டும் மீட்டர் முள் துள்ளியது. சுரங்களைக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரில் அதைக் குறைத்தோம். அப்படியும் கொஞ்சம் மிச்சம். சலீம் யோசித்தார். வீட்டுக்குப் பின்னால் இருந்த குடோனிலிருந்து மிளகு மூட்டைகளை இழுத்துவந்து பின்மூலையில் அடுக்கினார். முள் அடங்கியது. மனிதருக்கு வாயெல்லாம் பல்.

மழைப் படம் ஒன்றைப் போட்டோம். அவர் மனைவி நூர்ஜஹான் வந்தார். சில வருடங்களாக அவருக்குக் காது மந்தம். மூலையில் இருந்த மூட்டைகளைப் பார்த்தார். சோபாவில் உட்கார்ந்தார். திரையில் மின்னல் வெட்டியது.

"ஏனுங்க, இதுல இடியே இல்லீங்களா?"

சலீம் அவர் காதருகே குனிந்தார். "இடிக்குதே நூரு."

"எனக்குத் தெரியலீங்க. எப்பவும் அந்த மூலையில சாஞ்சுக்குவேன். பலகை அதிரும். காதுல விழாததெல்லாம் முதுகுலதான் எனக்கு விழும்."

அடக்கடவுளே! எங்களுக்கு இரைச்சல். அவருக்கு மிச்சமிருந்த சத்தமே அதுதான்.

சலீம் எழுந்தார். மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டார். ஈக்வலைசரை அணைத்தார். நூர்ஜஹான் மூலையில் போய்ச் சாய்ந்தார். இடி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். சலீமும் பக்கத்தில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

சத்தம் சரியாக இருக்கிறது என்கிறோமே, யாருக்குச் சரி? மீட்டரை எப்போதும் நம் இருக்கையில்தானே வைக்கிறோம்?

"வசனம் ஒண்ணும் புரியலீங்க" என்றார் சலீம் — எழுந்திருக்காமலே.