கிளிப்பக்கா

எங்கள் அக்காவை வேலை செய்யும் இடத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிளிப்பக்கா என்றுதான். ஆஸ்பத்திரிப் போர்வையும் ஓட்டல் விரிப்பும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் சலவைக்கூடம் அது. அங்கே ஈரம் பிழிகிற மெஷினுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருப்பதாக எல்லாரும் அலுத்துக்கொள்வார்கள். மூடியைத் திறந்தால் பொசுக்கென்று நின்றுவிடும். மறுபடி வேகம் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மூடிக்கு அடியில் இருக்கும் பொத்தானில் துணிக்கு மாட்டுகிற கிளிப் ஒன்றைச் செருகிவிட்டால், திறந்திருந்தாலும் சுற்றும்.

இதைக் கண்டுபிடித்தவள் அக்காதான். அன்றைக்கு ஊரையே விலைக்கு வாங்கியவள் மாதிரி வீட்டுக்கு வந்தாள். அதற்கப்புறம் காலையில் யார் முதலில் வந்தாலும் கிளிப் செருகுவது வழக்கமாகிவிட்டது. மெக்கானிக் பார்த்தார், சிரித்தார், போய்விட்டார். முதலாளிக்கு வேலை வேகமாக நடந்தால் சரி.

போன மழைக்காலத்தில், புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி சிக்கிய விரிப்பை எடுக்கச் சுற்றுகிற டிரம்முக்குள் கையை விட்டாள். கையோடு ஆளையும் இழுத்துக்கொண்டது. கூடம் முழுக்கச் செல்லம் கொடுத்த வாயாடிப் பெண். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைகூடத் தாங்கவில்லை.

முதலாளி ஒரே பேச்சில் கை கழுவிவிட்டார். "அவசரக்குடுக்கைப் பொண்ணு, யார் என்ன பண்றது?" கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ அன்றிலிருந்து வேலைக்கே போகவில்லை. துணிக்கொடியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒருநாள், "அந்தப் பொண்ணோட அம்மாகிட்டப் போய்ச் சொல்லிடப் போறேன்டா. உங்க பொண்ணு மேல தப்பில்ல, நான்தான்னு" என்றாள்.

"அடிச்சுத் தொரத்துவாங்க. பேசாம இரு."

"அடிக்கட்டும். பெத்தவ காதுல அந்த 'அவசரக்குடுக்கை'யே கடைசி வரைக்கும் கேக்கணுமா?"

தனியாக விட மனம் வராமல் நானும் போனேன். ஒற்றை அறை வீடு. உள்ளே சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிற அண்ணன் தரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் திருதிருவென்று முழித்தார்.

அக்கா நின்றபடியே கொட்டித் தீர்த்தாள். அந்தம்மா எழுந்து ஒரு பாயை விரித்தாள்.

"உக்காரும்மா," என்றாள் கடைசியில். "அன்னைக்குக் காலைல கிளிப்ப வச்சது நான்தான்ங்கறாரு இவரு. மெக்கானிக் போன வாரமே வந்து அழுதுட்டுப் போனாரு. இப்ப நீ. உங்க முதலாளிதான் பாக்கி."

அழுகைக்கு நடுவில் இஸ்திரி அண்ணனுக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது, பாவம்.

"என் பொண்ணும் வந்து சொல்லுவா, இன்னைக்கு நான்தாம்மா கிளிப் வச்சேன்னு. கெட்டிக்காரின்னு நானுந்தான் சிரிச்சேன். ஒருத்தர் தலையில மட்டும் எப்படிக் கட்டறது? அவ ஒருத்தி மேலயே போட்டுட்டாங்களேன்னுதான் எனக்குச் சோறு இறங்கல. இனிமே இறங்கும்."

அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

கிளம்பும்போது அந்தம்மா அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு வேலைக்குப் போ. மூடியத் தொறந்தா மெஷின் நிக்குதான்னு பாத்துட்டு வந்து சொல்லு."

அக்கா போனாள். வேலை மெதுவாக நடக்கிறதென்று முதலாளி கடுகடுத்தாராம். "அப்போ நீங்களே வந்து கைய விடுங்க" என்றாராம் இஸ்திரி அண்ணன்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வராமல் நேரே அங்கேதான் போயிருந்தாள். கூட்டிவரப் போனேன். இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அந்தம்மா சொன்னாள்: "தொறந்ததும் நின்னுடுச்சாம்ப்பா."